விரலுக்கு நட்டஈடு, கைக்குப் பொன்னாடை

காலையில் உணவகத்துக் குசினிக்குள் நுழைந்ததும் எங்கள் தலைமைச் சமையற்காரன் மார்க்குஸ் என்னிடம் சுகம் கேட்பதில்லை. என் விரலிடம்தான் கேட்பான். "வீ கோட்ஸ் எம் ஃபிங்கர்?" விரல் எப்படி இருக்கிறது என்று அர்த்தம். காய்ச்சலோடு போனாலும் சரி, ஊரிலிருந்து செத்தவீட்டுச் செய்தி கேட்டு வீங்கிய கண்ணோடு போனாலும் சரி, முதல் விசாரிப்பு என் வலது கை மோதிர விரலுக்குத்தான். அதன் நுனி இப்போது இல்லை. நான் "குட்" என்றால்தான் அவன் நிம்மதியாக வெங்காயம் வெட்டப் போவான். இந்தச் சுவிஸ் நாட்டுக்கு வந்து இத்தனை வருசத்தில் முழு மனிதனாக நான் நின்றபோது ஒருவரும் இப்படி அக்கறையாக விசாரித்தது கிடையாது. கொஞ்சம் குறைந்த பிறகுதான் எனக்கு மதிப்புக் கூடியிருக்கிறது.

அது நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில் நான் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லை. வாயால் தொடுவதில்லை என்று சொன்னால்தான் சரி. கையாலும் தொடமாட்டேன் என்று நின்றால் வீட்டு வாடகை யார் கட்டுவது? வாய் உனக்கு, கை முதலாளிக்கு என்று ஊர் அம்மன் அம்மாளாச்சியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். அன்று பன்றித் தொடையை மெசினில் சீவிக்கொண்டு நின்றபோது, கைக்கும் வெட்டும் தகட்டுக்கும் நடுவில் இருக்கவேண்டிய மறைப்பு இருக்கவில்லை. விரல் நுனி போய்விட்டது. நான் முதலில் செய்த வேலை என்ன தெரியுமோ? துணியை எடுத்து மெசினைத் துடைத்தேன். பிறகுதான் விரலைச் சுற்றினேன். மார்க்குஸ் ஓடி வந்தபோது "நிக்ஸ், நிக்ஸ்" என்றேன். ஒன்றுமில்லை என்று அர்த்தம். இரத்தத் துணியைப் பார்த்ததும் விழப்போன அவனை நான்தான் மற்றக் கையால் பிடிக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது விரலைப் பற்றி நான் யோசிக்கவில்லை. இறைச்சி பழுதாய்ப் போச்சு, மத்தியானச் சாப்பாடு பிந்திப் போச்சு, இனி வேலை போகப்போகுது என்றுதான் நெஞ்சு அடித்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் வேலைத்தலத்தில் காயப்பட்டவன் முதலாளி முகத்தில் முழிக்க வெட்கப்படுவான். அதே பழக்கத்தில் அடுத்த நாள் மனைவியைக் கொண்டு மோதகம் அவிப்பித்து, தட்டில் வாழைப்பழமும் அப்பிளும் அடுக்கி, கட்டுப்போட்ட கையோடு மன்னிப்புக் கேட்கப் போனேன். மார்க்குஸின் முகம் வெளுத்துவிட்டது. மெசினைக் கழுவுவதற்காக மறைப்பைக் கழற்றி, திரும்பப் பூட்ட மறந்தது அவன்தானாம். தட்டைக் கண்டதும், இது இந்தியர்களின் ஏதோ பழிவாங்கும் சடங்கு என்று நினைத்தானாம். நான் இந்தியன் இல்லை, வவுனியாவில் பூவரசங்குளத்துக்கு அங்கால் ஒரு கிராமம் என்று விளங்கப்படுத்துகிற நேரமா அது? நான் அவனிடம் மன்னிப்புக் கேட்க, அவன் என்னிடம் கேட்க, கடைசியில் இரண்டு பேருமாக மோதகத்தைச் சாப்பிட்டு முடித்தோம்.

பிறகு விபத்துக் காப்புறுதியில் இருந்து ஒரு பெண் எனக்குத் தொலைபேசி எடுத்தா. மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பிள்ளையும் இணைப்பில் இருந்தா.

"பிழை என்னுடையதுதான் அம்மா. கவனமில்லாமல் நிண்டிட்டன்" என்று எடுத்த எடுப்பிலேயே ஒத்துக்கொண்டேன்.

"யாரின்ர பிழை எண்டு அவா கேக்கேல்லை அங்கிள். எந்த விரல் எண்டுதான் கேக்கிறா."

"இல்லைப் பிள்ளை, என்ர பிழை எண்டு எழுதச் சொல்லுங்கோ. மார்க்குசுக்குப் பிரச்சினை வரக்கூடாது."

"அங்கிள், வேலையில காயப்பட்டால் சம்பளத்தில பெரும்பங்கும் வைத்தியச் செலவும் தருவினம். கவனக்குறைவுக்கெல்லாம் இஞ்ச கணக்குப் பாக்கிறேல்லை."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிழை விட்டவனுக்கும் காசு கொடுக்கிற நாடு எப்படி உருப்படும் என்று மனைவியிடம் கேட்டேன். அதற்குள் அந்தப் பெண் அடுத்த கேள்விக்கு வந்துவிட்டா. அந்த விரல் இல்லாமல் அன்றாடம் எதைச் செய்ய முடியவில்லை? மறைக்காமல் சொன்னேன். "திருநீறு பூச ஏலாமல் கிடக்கு. மூண்டு குறி வரேல்லை, இரண்டரைதான் வருகுது."

நான் ஏதோ ஆற்றாமையில் சொன்னது. அவா அதைப் பக்குவமாகக் குறித்துக்கொண்டு, கைப்பயிற்சி கொடுக்கும் 'எர்கோதெரபி' இடத்துக்கு என்னை அனுப்பிவிட்டா. அங்கே ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை தட்டில் கோதுமை மாவும் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியும் வைத்துக்கொண்டு காத்திருந்தது. கண்ணாடியில் மாவால் மூன்று கோடு இழுக்க எனக்குப் பயிற்சி. கையைக் கொஞ்சம் சரித்து, குறை விரலை அழுத்தி இழுத்தால் மூன்றாவது கோடும் தெரியும் என்று கண்டுபிடித்ததும் அந்தப் பிள்ளைதான். ஏன் மூன்று என்று கேட்டது. ஆணவம், கன்மம், மாயை எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்ல முயன்று, கடைசியில் "மூன்று குப்பை, எல்லாம் எரித்துச் சாம்பல்" என்றேன். குப்பை பிரிப்பதில் இந்த நாட்டவர்கள் கெட்டிக்காரர் அல்லவா, உடனே விளங்கிக்கொண்டது. ஆனாலும் வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் நின்றால் அந்தக் கை சரியவே மாட்டேன் என்கிறது. இன்றைக்கும் எனக்கு இரண்டரைதான்.

இனி ஊர்க் கதைக்கு வருகிறேன். என் தங்கச்சி ரஞ்சியின் புருசன் செல்வராசா ஊரில் ஒரு அரிசி மில்லில் வேலை செய்தான். அவனுடைய தாய் தகப்பன் மலைநாட்டில் இருந்து வன்செயலுக்குத் தப்பி வந்து, காடு வெட்டிக் குடியேறிய ஆக்கள். மூட்டை தூக்குவதில் இருந்து மெசின் ஓட்டுவது வரை மில்லில் எல்லாம் அவன்தான். என் விரல் போன அடுத்த வருசம், மூடி இல்லாமல் ஓடிய பெல்ட் அவனுடைய வலது கையை இழுத்துவிட்டது. பெருவிரல் மட்டும் மிஞ்சியது.

முதலாளியைக் குறை சொல்லக்கூடாது. தன் வான் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். பால்மா டின்னோடும் திராட்சையோடும் வந்து பார்த்தார். அவரே எங்கள் அம்மன் கோயில் சபைத் தலைவர் என்பதால் செல்வராசாவின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் ஒரு அர்ச்சனையும் செய்வித்தார். சம்பளத்தை மட்டும் அன்றோடு நிறுத்திவிட்டார். "கை சுகமானதும் வாரும்" என்றாராம். "நாலு விரலும் முளைச்ச பிறகோ எண்டு கேட்டனான் அண்ணை, மனுசன் சிரிச்சுக்கொண்டு போயிட்டார்" என்று ரஞ்சி தொலைபேசியில் சொன்னாள்.

அந்த வருசத் திருவிழாவை நான் இங்கிருந்து நேரலையில் பார்த்தேன். ஐந்தாம் திருவிழா என் உபயம். "சுவிஸ் கனகலிங்கம் குடும்பத்தினர்" என்று ஒலிபெருக்கியில் என் பெயர் போகும்போது, இங்கே பனிக்குள் நிற்கிற எனக்கு ஊர் வீதியில் வேட்டியோடு நிற்பது போல இருக்கும். அதற்காகவே ஒவ்வொரு வருசமும் முழுவதையும் போனில் சேமித்து, வெள்ளிக்கிழமைகளில் போட்டுப் பார்த்துக் கும்பிடுவேன். அன்று அம்மன் வீதி சுற்றி வந்து தன் இருப்பிடத்துக்கு வந்ததும், முதலாளி மைக்கைப் பிடித்தார். "எங்கள் அரிசி ஆலையில் பணிபுரியும் வேளையில், தனது வலக்கரத்தின் நான்கு விரல்களையும் தொழிலுக்காக அர்ப்பணித்த, எங்கள் குடும்பத்தில் ஒருவரான தம்பி செல்வராசாவுக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கின்றோம்!" மேளம் கொட்டியது. கட்டுப்போட்ட கையோடு செல்வராசா கூனிக்கொண்டு நின்றான். பொன்னாடை வழுகி வழுகி விழ, அதைப் பிடிக்க அவனுக்கு விரல் இல்லை. படம் எடுத்து முடியும்வரை முதலாளிதான் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் அன்றே தொலைபேசி எடுத்தேன். இலங்கையிலும் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது, வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கிறது, கேட்டால் முதலாளி கொடுக்கத்தான் வேண்டும் என்று இங்கே படித்த ஒருவரிடம் விசாரித்து வைத்திருந்தேன்.

"என்னண்டு மச்சான் கேக்கிறது?" என்றான் செல்வராசா. "ஊருக்கு முன்னால பொன்னாடை போட்ட மனுசனுக்கு எதிரா எப்பிடிப் போய் நிக்கிறது?"

பக்கத்தில் இருந்து ரஞ்சி கத்தினாள். "அந்தப் பொன்னாடையை அவிச்சுத் தின்னச் சொல்லுங்கோ அண்ணை! பிள்ளையளுக்கு நாளைக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வேணும். அதைக் கிழிச்சுத்தான் தைக்கவேணும். அதுகும் சுத்த நைலோன்!"

"கத்தாதையப்பா, ஆக்களுக்குக் கேக்கப்போகுது" என்று அவன் அவளை அடக்கினான்.

"கேக்கட்டும். லவுட்ஸ்பீக்கரில அவர் கத்தேக்கை ஒருத்தரும் பொத்தேல்லைத்தானே காதை?"

மூன்று மாதம் அவன் மசியவில்லை. பிறகு ஒரு நாள் மில்லில் காவல் வேலையாவது கேட்கப் போனவனை, வேறு ஒருவனை எடுத்தாச்சு என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்குத்தான் ரஞ்சி அவனை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு வவுனியாவில் நட்டஈடு விசாரிக்கும் அரச கந்தோருக்குப் போனாள். விசாரணைக்கு முதலாளி வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டோடு வந்தாராம்.

"அவர் என்ர மில்லில வேலை செய்யேல்லை ஐயா. சும்மா வந்து நிண்டு பெல்ட்டைத் தொட்டிட்டார். எங்கையோ மலைநாட்டில இருந்து வந்த ஆக்கள், எங்களுக்கும் அவைக்கும் ஒரு தொடுசலும் இல்லை."

திருவிழாவில் குடும்பத்தில் ஒருவன், கந்தோரில் எங்கிருந்தோ வந்தவன்! செல்வராசாவிடம் வேலைக்கு எடுத்த கடிதமும் இல்லை, சம்பளத் துண்டும் இல்லை. சம்பளம் கையில் கொடுத்துக் கையில் வாங்கியது. வாங்கிய கையும் இப்போது இல்லை. அங்கே வேலை செய்ததற்கு ஏதாவது சாட்சி இருந்தால் கொண்டுவரச் சொல்லி விசாரித்தவர் அனுப்பினார். மில்லில் கூட நின்ற ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ரஞ்சி அழுதுகொண்டு இதைச் சொல்லும்போதுதான் எனக்கு நேரலை நினைவுக்கு வந்தது. கோயில் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அந்தத் துண்டை மட்டும் வெட்டியிருந்தார்கள். அம்மன் இருப்புக்கு வருகிறாள், அடுத்த கணம் வாணவேடிக்கை. ஆனால் என் போனில் முழுவதும் இருந்தது. வேலைத்தலம் எது, காயம் எப்படி வந்தது, இவன் யாருடைய ஆள் என்று எல்லாவற்றையும் முதலாளி தன் வாயாலேயே, எக்கோ வைத்து, சொல்லியிருந்தார்.

அதை அனுப்புமுன் எனக்கும் ஒரு தயக்கம். கும்பிடுவதற்கு வைத்திருந்ததை வழக்குக்குக் கொடுக்கலாமா? இந்த யோசனையில் இருக்கும்போதே, எப்படியோ மோப்பம் பிடித்து, முதலாளி வட்ஸ்அப்பில் வந்தார்.

"தம்பி, அது கோயில் காரியம். அம்மன்ர வீடியோவைக் கந்தோருக்குக் கொண்டுபோனால் பாவம் சுத்தும்."

"அண்ணை, நீங்கள் மைக்கில சொன்னது மெய்யோ பொய்யோ?"

"அது... ஒரு மரியாதைக்குச் சொன்னது."

"அம்மனுக்கு முன்னால நிண்டு பொய் சொல்லியிருந்தால் அந்தப் பாவம் உங்களுக்கு. மெய் எண்டால் ஏன் பயப்பிடுறியள்?"

பாவக் கதையை அவர் அதோடு விட்டார். பிறகு, "உம்மட உபயத்தை இனி நாங்கள் வேற ஆளுக்குக் குடுக்க வேண்டிவரும்" என்றார். அவருக்கு என்னைத் தெரியும். எங்கே அடித்தால் நோகும் என்றும் தெரியும். அன்றிரவு சாமி படத்துக்கு முன்னால் நின்று, "தாயே, என் பெயரை நீ கேட்கிறதுக்கு ஒலிபெருக்கி வேணுமோ?" என்று கேட்டேன். நான் வீடியோவை ரஞ்சிக்கு அனுப்பினேன்.

விசாரித்தவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாராம். மேளம் கொட்டும் இடத்தில் முதலாளி கதிரையில் கொஞ்சம் நெளிந்தாராம். முடிவில் நட்டஈடு கட்டச் சம்மதித்துக் கையெழுத்து வைத்தார். வைத்தது வலது கையால், ஐந்து விரலும் சேர்த்து. செல்வராசா இப்போது வீட்டோடு சின்னதாக ஒரு மா அரைக்கும் மெசின் போட்டிருக்கிறான். பெல்ட்டுக்குக் கோழிக்கூட்டு வலை அடித்து மூடியிருக்கிறான். பொன்னாடை அந்த மெசினுக்குத் தூசி படாமல் போர்த்த உதவுகிறது.

இந்த வருசம் ஐந்தாம் திருவிழாவை வேலைக்கு நடுவில், குசினி மேசையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். உபயகாரர் பெயர் வாசித்தார்கள். கனடாக்காரர் ஒருவரின் பெயர் போனது. நான் போனின் சத்தத்தைக் குறைத்தேன். அம்மன் வீதிக்கு வந்தபோது கூட்டத்தின் கரையில் செல்வராசா தெரிந்தான். மேலில் துண்டு மட்டும். வலது பெருவிரலால் இழுத்த ஒற்றைக் கீற்றுத் திருநீறு நெற்றியில். முழுக் கையையும் குறைக் கையையும் தலைக்கு மேல் சேர்த்துப் பிடித்திருந்தான், மறைக்காமல். நானும் கையைச் சேர்த்துக் கும்பிட்டேன். என் நெற்றியில் இரண்டரை, அவன் நெற்றியில் ஒன்று. நடுவில் அம்மன் போய்க்கொண்டிருந்தாள்.

பின்னால் மார்க்குஸ் வந்து நின்று, சேர்த்த என் கையைப் பார்த்துவிட்டு வழக்கம்போலக் கேட்டான், விரல் எப்படி இருக்கிறது என்று. எந்த விரலைக் கேட்கிறான் என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை.

"சுகமா இருக்கு" என்றேன், தமிழில். அவனும் தலையாட்டிவிட்டு வெங்காயம் வெட்டப் போனான்.