ஸ்பானிஷுக்கும் மாதிரி விடை

நாவற்குடாவில் உள்ள எங்கள் தனியார் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் தொடங்கியதற்குக் காரணம் ஸ்பெயின் அல்ல. டவுனில் இருக்கும் இன்னொரு பள்ளிக்கூடம். அவர்கள் பிரெஞ்சு தொடங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் பணிப்பாளருக்குச் சோறு இறங்கவில்லை. கொக்கட்டிச்சோலைப் பக்கம் நெல் ஆலை வைத்திருந்து, பிறகு கல்விக்கு வந்தவர் அவர். பக்கத்து ஆலைக்காரன் புது மெஷின் இறக்கினால் தானும் ஒன்று இறக்க வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே கல்விக் கொள்கை.

இறக்குவதற்கு நான் கிடைத்தேன். கட்டாரில் ஒரு ஸ்பானியக் குடும்பத்தின் வீட்டில் வருடக்கணக்காகப் பிள்ளை பார்த்தவள் நான். ஸ்பெயினைப் படத்தில்தான் கண்டிருக்கிறேன். ஆனால் பள்ளி வாசலில் கட்டிய பதாகையில் 'ஸ்பெயினில் பயிற்சி பெற்ற விசேட ஆசிரியை' என்று போட்டிருந்தார்கள். திருத்தச் சொன்னேன்.

"ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரைதானே டீச்சர்," என்றார் பணிப்பாளர், என்னைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு. "பெனர் அடிச்சாச்சு. இனி ஒண்டும் செய்ய ஏலா."

எனக்குத் தெரிந்தது சின்னப் பிள்ளைகளின் ஸ்பானிஷ். சாப்பிடு, தம்பிக்கு அடிக்காதே, மற்றச் செருப்பு எங்கே, அழுதது போதும். இலக்கணம் கேட்டால் விழிப்பேன். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? முதல் நாள் மேசையைத் தட்டி 'மேசா' என்றேன். சப்பாத்தைக் காட்டி 'சப்பாத்தோ' என்றேன். அவர்கள் உட்கார்ந்திருந்த வாங்கைக் காட்டி 'பாங்கோ' என்றேன்.

"டீச்சர், இது நம்மட தமிழ்தானே!" என்று வகுப்பே கத்தியது. போர்த்துக்கேயர் எங்கள் ஊரில் விட்டுப்போன சாமான்கள் ஒருமுறையாவது உதவின. அன்றிலிருந்து கொப்பி இல்லை, புத்தகம் இல்லை, வெறும் பேச்சுத்தான்.

வகுப்பில் வாவிக்கரைப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அப்பா வாவியில் மீன் பிடிப்பவர், அம்மா குவைத்தில். நண்டுக்கு என்ன, இறாலுக்கு என்ன, வலைக்கு என்ன என்று கேட்டு என்னைத் துளைத்து எடுப்பாள். வலைக்கு எனக்கே தெரியாது. கட்டாருக்குக் கோல் எடுத்துப் பழைய எசமானியிடம் கேட்டேன். என்னமோ ஏதோ என்று அந்த மனுசி பயந்துபோனார். மறுநாள் வலைக்கு உரிய சொல்லைச் சொன்னதும் பிள்ளை எழுந்து நின்று, "மி பாத்ரே பெஸ்கா என் லா லகூனா," என்றாள். என் அப்பா வாவியில் மீன் பிடிக்கிறார். யாரும் சொல்லிக்கொடுக்காத வசனம் அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதாகையில் இருப்பது பொய்யானாலும் நான் டீச்சர்தான் என்று அன்றைக்கு முதன்முதலாக நம்பினேன்.

பெற்றார் கூட்டத்தில் அந்த நம்பிக்கைக்கு வேட்டு வைத்தார்கள்.

"புள்ள வீட்ட வந்து ஸ்பானிஷில சிரிக்குது, பாடுது. எல்லாம் சரி டீச்சர், மார்க்ஸ் எங்க?" என்று ஒரு தாய் கேட்டார்.

"டியூஷன் இல்லாத பாடமெல்லாம் ஒரு பாடமா?" என்றார் ஒரு தகப்பன்.

குறை உடனே தீர்க்கப்பட்டது. கணித டியூஷன் மாஸ்டர் ஒருவர் ஸ்பானிஷ் வகுப்பும் திறந்தார். அவருக்கு ஸ்பானிஷில் ஒரு சொல் தெரியாது. "பாடம் எதெண்டா என்ன டீச்சர், பேப்பர் செய்விக்கிறதுதானே முக்கியம்," என்று எனக்கே விளக்கம் சொன்னார். இணையத்தில் தேடி ஒரு மாதிரி வினாத்தாளும் மாதிரி விடையும் தயாரித்தார். நான் மத்ரித் நகரில் வசிக்கிறேன். என் அப்பா ஒரு டொக்டர். பிள்ளைகள் இதை வாய்ப்பாடு மாதிரி பாடமாக்கினார்கள். பணிப்பாளருக்கு அந்தத் தாள் பிடித்துப்போய், அதையே தவணைப் பரீட்சையாக வைத்துவிட்டார்.

வாவிக்கரைப் பிள்ளை மட்டும் தன் அப்பா மீன் பிடிக்கிறார் என்று எழுதினாள். முழுப் புள்ளி போட்டேன். ஒரு கேள்விக்கு இரண்டு சரி விடை எப்படி வரலாம் என்று பெற்றார் படையெடுத்தார்கள். பணிப்பாளர் நியாயவான், தாளை மறுபடி திருத்த டியூஷன் மாஸ்டரிடமே அனுப்பினார். அவர் இரண்டு புள்ளி வெட்டினார். முதலாம் இடத்தில் இருந்தவள் மூன்றாம் இடத்துக்குப் போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பணிப்பாளரின் அறையில் தமிழிலும் ஸ்பானிஷிலும் கத்திப் பார்த்தேன். அவர் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டார்.

பிள்ளை தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"டீச்சர், அப்ப எங்கட அப்பா பிழையா?"

"இல்ல மகள், பேப்பர்தான் பிழை," என்றேன். அவள் நம்பவில்லை. புள்ளி என்னிடம் இல்லையே, மாஸ்டரிடம் அல்லவா இருந்தது. அடுத்த கிழமை அவளும் டியூஷனில் சேர்ந்துவிட்டாள்.

பரிசளிப்பு விழாவுக்குப் பிரதம அதிதி தேடி அலைந்த பணிப்பாளருக்கு, வாவியில் படகுச் சவாரிக்கு வந்திருந்த ஒரு ஸ்பானியத் தம்பதி அகப்பட்டார்கள். தொப்பியும் அரைக் காற்சட்டையுமாக வந்தவர்களுக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, மேடையில் இருத்தினார். அந்த அம்மா நல்லவர். பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, அப்பா என்ன வேலை செய்கிறார் என்று அன்பாகக் கேட்டார். எலெக்ட்ரிக் கடைக்காரரின் மகன் டொக்டர் என்றான். வங்கி முகாமையாளரின் மகளும் டொக்டர் என்றாள். ஒவ்வொருவருக்கும் கைதட்டல். வாவிக்கரைப் பிள்ளையின் முறை வந்தபோது நான் மேடைக்குக் கீழே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை சொல்லடி, ஒரே ஒரு தடவை என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"மி பாத்ரே எஸ் மேதிகோ," என்றாள். உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை.

விழா முடிந்ததும் அவளுடைய அப்பா மடிப்புக் கலையாத சேட்டோடு என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"என்ட மகள் என்ன சொன்னவ டீச்சர்?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "நீங்க டொக்டராம்," என்றேன்.

"மற்றப் புள்ளைகள்?"

"அவங்கட அப்பாமாரும் டொக்டர்தான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "எல்லாரும் டொக்டரெண்டா அப்ப ஊருக்குள்ள நோயாளி ஆரு டீச்சர்?"

மகள் அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"சிரிக்காதீங்கப்பா. உண்மையச் சொன்னா ரெண்டு புள்ளி வெட்டுவாங்க."