அரண்மனைக்கு மேல் நீலம்

தேயிலை விலை சரிந்த வருடம், கோத்தகிரியில் தையல் கடை வைக்க ஓர் இடம் பார்த்தேன். அதுவரை அங்கே போட்டோ ஸ்டுடியோ நடத்திய பெண்மணி, பின்பக்கத்தில் தான் குடியிருந்த வீட்டையும் காலி செய்துவிட்டுத் திருப்பூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். உயரமான, மெலிந்த உருவம். எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டுதான் பார்ப்பார்.

சாவி வாங்கப் போனபோது சாமான்கள் லாரியில் ஏறிவிட்டிருந்தன. அவரோ ஸ்டுடியோச் சுவரில் போட்டோக்களுக்குப் பின்னணியாகத் தான் வரைந்திருந்த அரண்மனையின் மேல் நீல வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கறத ஏனுங்க அழிக்கறீங்க?" என்றேன்.

"படம் எடுக்க வந்தவங்க எல்லாரும் அரண்மனைதான் கேட்டாங்க. இலைக்கு வெல இல்லாமப் போனதும் அவங்களும் வர்றதில்லீங்க. இன்னைக்குத்தான் எனக்குன்னு வரையறேன்."

"என்ன வரையறீங்க?"

"தெரியலீங்க. வரைஞ்சாத்தானே தெரியும்?"

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். "இருங்க தம்பி!" என்று குரல் கொடுத்துவிட்டு, மஞ்சளில் ஒரு கீற்று இழுத்தார். தள்ளி நின்று பார்த்துச் சிரித்தார். சாவியை என்னிடம் தந்துவிட்டு, ஈரப் பிரஷ்ஷோடு லாரியில் ஏறினார்.

கடையை மூடிய துக்கத்தை அந்த முகத்தில் தேடினேன், அகப்படவில்லை. சுவருக்கு இன்னும் நான் வெள்ளையடிக்கவில்லை. மஞ்சளுக்கு அடுத்து அவர் என்ன தீட்டியிருப்பார் என்று துணி வெட்டும்போது யோசிப்பேன்.