மைக்செட் எம்.எல்.ஏ.

“...அதுவும் நம்ம செட்டு, நம்ம வாசல்லயே வந்து ஊமையா நின்னுச்சின்னா, தோத்த வயித்தெரிச்சல்ல நான்தான் ஒயரப் புடுங்கிட்டேன்னு இல்ல ஊரு பேசும்?” என்று சாமிக்கண்ணு மாமா சொன்னபோது, சுட்ட தூசியும் கருகிய ரப்பரும் கலந்த வாசனை சன்னல் வழியாக உள்ளே வந்தது. வால்வு போட்ட பழைய ஆம்ப்ளிஃபயர் படுத்துக்கொண்டால் அப்படித்தான் மணக்கும். மைக்செட் கடைக்கு அடுத்த வீட்டில் வளர்ந்த எனக்கு அது சாம்பார் வாசனை மாதிரி பழகிப்போயிருந்தது. வெளியே தெரு கொள்ளாத கூட்டம், பட்டாசுப் புகை, கழுத்து தெரியாமல் மாலை போட்டுக்கொண்டு திறந்த ஜீப்பில் நிற்கும், மாமாவை எதிர்த்துத் தேர்தலில் நின்ற வக்கீல், அவர் தலைக்கு மேலே எங்கள் மாமா கடையின் இரண்டு “கொழா”. அந்தக் கூம்புகளிலிருந்து மட்டும் சத்தமே இல்லை. காலையில் மாமா எங்கள் ஊர் எம்.எல்.ஏ.; சாயங்காலத்துக்குள் வக்கீல் எம்.எல்.ஏ. ஆகிவிட்டார்.

மாமா என்றால் என் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். திருவண்ணாமலையில் அவரைத் தெரியாதவர்கள் இருந்திருக்கலாம், அவர் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. கார்த்திகை தீபத்துக்கு ஊர் நிரம்பி வழியும்போது தொலைந்துபோன பிள்ளைகள் எல்லாம் தேரடிக்குப் பக்கத்தில் அவர் போட்டிருக்கும் கீற்றுப் பந்தலுக்குத்தான் வந்து சேர்வார்கள். “மஞ்ச சொக்கா, இடுப்புல வெள்ளி அரணாக்கயிறு, பேரு கேட்டா பாப்பான்னுதான் சொல்லுது, சீக்கிரம் வாங்க, எங்கிட்ட இருந்த பொரி உருண்டை எல்லாம் தீந்துபோச்சு” என்று அவர் மைக்கில் சொன்னால், சாமி பார்க்க வந்த கூட்டம் அப்படியே நின்று சிரிக்கும். ஒவ்வொரு அறிவிப்பையும் ஒரே மாதிரிதான் முடிப்பார்: “யாராவது தொலைஞ்சு போனா பயப்படாதீங்க. மைக்செட்டுகிட்ட வந்து நில்லுங்க. நான் இங்கதான் இருக்கேன்.” எங்கள் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு தடவையாவது தொலைந்துபோய் அந்தக் குரலில் நம் சட்டை நிறத்தைக் கேட்டுவிட வேண்டும் என்று ஆசை. எங்கே, ஊரே தெரிந்த ஊர், எப்படித் தொலைவது?

எழுபதுகள் முடிகிற நேரம் அது. ஒரு தேர்தலில் கட்சியில் இரண்டு பெரிய மனிதர்கள் சீட்டுக்கு அடித்துக்கொள்ள, இரண்டு பேருக்கும் வேண்டாம் என்று மேலிடம் மூன்றாவதாக ஒருவரைத் தேடியபோது யாரோ மாமா பெயரைச் சொல்லிவிட்டார்கள். “கல்யாணத்துக்கு கொழா கட்றவன் கோட்டைக்குப் போறானாமே” என்று டீக்கடைகளில் கிண்டல் செய்தார்கள். கிண்டல் செய்தவர்களும் ஓட்டுப் போட்டார்கள் போலிருக்கிறது, ஜெயித்துவிட்டார். அந்த வருஷம் முழுக்க எங்களுக்குத் தரையில் கால் பாவவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சரே என்னைக் கூப்பிட்டு, “உங்க மாமா எப்ப ஊருக்கு வருவாரு?” என்று கேட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்குத் தனி ஆபீஸ் என்று ஒன்று கிடையாது. மெட்ராஸிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினால் நேராகக் கடை பெஞ்சுதான். ஒரு பக்கம் மனு கொடுக்க வந்தவர்கள், இன்னொரு பக்கம் காது குத்துக்கு செட்டு பேச வந்தவர்கள். சட்டசபையில் என்ன பேசினீர்கள் என்று யாராவது கேட்டால் மாமா சிரிப்பார். “அங்கயும் மைக்கு இருக்குதுங்க. ஆனா சுவிட்சு அவங்க கையில இல்ல இருக்குது.” கலெக்டரைப் பார்க்க அப்போதெல்லாம் வேலூருக்குத்தான் போக வேண்டும், மாதத்தில் பாதி நாள் அந்த பஸ்ஸில் நின்றுகொண்டே போய், ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கென்று ஒரு தனிக் கட்டடம் வாங்கிவிட்டார். மலை சுற்றுகிற பாதையில் விளக்குப் போடவைத்தார். ஆனால் ஊர் கேட்டது அதை மட்டுமா? பையனுக்கு வேலை, மாப்பிள்ளைக்கு டிரான்ஸ்ஃபர், எதிராளி மேல் கேஸ். அதெல்லாம் அவருக்கு வரவில்லை. “நல்ல மனுஷன்தான், சாமர்த்தியம் கம்மி” என்று மெதுவாகப் பேச்சு கிளம்பியது.

இத்தனை வருஷமும் கடையைக் கட்டி இழுத்தவள் பூங்காவனம் அத்தை, மாமாவின் மனைவி. அவளிடம் ஒரே சட்டம்: முதலில் வந்து கேட்டவர்களுக்குத்தான் செட்டு. கட்சிக்காரர்கள் முணுமுணுத்தால், “கொழாவுக்குக் கட்சி கிடையாதுப்பா. பதவி அஞ்சு வருஷத்துக்கு. கடை அப்படியா?” என்பாள். அடுத்த தேர்தல் வந்தபோது, ஓட்டு எண்ணுகிற அன்றைக்கு வேண்டும் என்று வக்கீலின் ஆட்கள் முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டார்கள். மாமாவின் கட்சிக்காரர்களோ, நம்ம அண்ணன் கடைதானே, எங்கே போய்விடும் என்று கேட்காமலே இருந்துவிட்டார்கள். அன்று காலையில் கொழாவைக் கட்ட ஏணியோடு வந்து நின்றவர்களிடம் அத்தை விஷயத்தைச் சொன்னதும் அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “அண்ணி, அண்ணன் ஜெயிச்சா நாங்க எதுல கத்தறது?” “வாயிலதான். உங்களுக்கு அது போதாதா?”

அன்றைய பகலை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு வாங்குகிறது. எண்ணிக்கை நடந்த பள்ளிக்கூடத்துக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவே பிள்ளைகள் நாங்கள் ஓடிக்கொண்டே இருந்தோம். டவுன் பெட்டி பிரித்தால் மாமா முன்னாடி, கிராமத்துப் பெட்டி பிரித்தால் வக்கீல் முன்னாடி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தெரு கத்தும், இன்னொரு தெரு கதவைச் சாத்தும். கடைசிப் பெட்டிகள் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், கொஞ்ச ஓட்டில் மாமா தோற்றார். அம்மா அழுதாள். மாமா ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, “செட்டு நல்லாப் பாடுதா?” என்று கேட்டார். பாடிக்கொண்டுதான் இருந்தது. வக்கீலின் ஊர்வலத்தோடு எங்கள் வாசல் வரைக்கும் வந்து, சரியாக அங்கே நின்றுபோயிற்று.

செட்டோடு ஜீப்பில் போன எங்கள் கடை ஆபரேட்டர் காதர் பாய் ஓடிவந்து சன்னலைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே, வால்வு போயிடிச்சி. நான் தொட்டா எவனும் நம்ப மாட்டேங்கறான்.” வெளியே ஒருவன், “வேணும்னே செத்த செட்டக் குடுத்திருக்காங்கடா” என்று கத்துவது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. மாமாவின் கட்சிப் பையன்கள் வழியை மறித்து நின்றார்கள். “விடுங்கண்ணே. ஊமையாவே போவட்டும். நீங்க போயி அவன் ஜீப்புல ஏறுனா நம்ம மானம் இன்னாத்துக்கு ஆவும்?” செட்டு ஊமையாய் நின்றால் ஊர் பேசும் என்று நான் முதலில் சொன்னேனே, மாமா அவர்களுக்குத்தான் அந்தப் பதிலைச் சொன்னார். பதவி போயாகிவிட்டது. இனி இருப்பது கடை. கடைக்கு இருப்பது பேர் ஒன்றுதான். வரப்போகிற தீபத்துக்கு இந்தச் செட்டை நம்பி யார் பிள்ளையை ஒப்படைப்பார்கள்? அத்தை புடவைப் பெட்டியில் துணி சுற்றி வைத்திருந்த மாற்று வால்வை எடுத்துவந்து அவர் முன்னால் நீட்டினாள்.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். மாமா அப்புறம் தேர்தலில் நிற்கவே இல்லை. காது மந்தமாகும் வரைக்கும் கொழா கட்டினார், பிறகு போய்ச்சேர்ந்தார். போன வருஷம் தீபத்துக்குப் போயிருந்தேன். பிள்ளைகளின் மணிக்கட்டில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுகிறார்கள், நல்ல ஏற்பாடு. மைக்கில் முன்னமே பதிவு செய்த ஒரு குரல் எல்லோரையும் கவனமாக இருக்கச் சொல்லிக்கொண்டே இருந்தது. யாரும் நிற்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் தேரடியில் நின்று, அந்தச் சாயங்காலத்தின் மிச்சத்தை நினைத்துக்கொண்டேன்.

மாமா கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூட்டம் விலக விலக நடந்துபோய் ஜீப்பில் ஏறினார். வக்கீல் மாலைகளை ஒதுக்கிக்கொண்டு இடம் விட்டார். மாமா வால்வை மாற்றினார், அது சூடேறுகிற வரைக்கும் தெருவே கொழாவை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. மைக்கை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். மலை வரைக்கும் போய்த் திரும்பியது சத்தம்.

“கூட்டம் ஜாஸ்தியா இருக்குது. கொழந்தைங்கள கையப் புடிச்சிக்கினு போங்க. யாராவது தொலைஞ்சு போனா பயப்படாதீங்க. நான் இங்கதான் இருக்கேன்.”

சொல்லிவிட்டு, மைக்கைத் துண்டால் ஒரு துடை துடைத்து, வக்கீலின் கையில் கொடுத்தார்.