கன்னத்தில் நான்கு விரல்

என் மகளின் கன்னத்தில் நான்கு விரல் தடம் விழுந்தது. அவை என் விரல்கள். நான் அவளை ஒரு நாளும் அடித்ததில்லை. அடித்திருந்தால்கூட இரண்டு நாளில் ஆறியிருக்கும்.

பதினாறு முடிந்ததும் அவளுக்கு முகத்தில் பரு வந்தது. நெற்றியில் நான்கைந்து, பிறகு கன்னம், பிறகு தாடை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊர்தான் எடுத்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம். வயதுப் பெண்ணைக் கண்டால் பெரியவர்கள் மோவாயைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பார்கள். கேட்டால் பாசம் என்பார்கள். மாட்டுத் தரகன் மாட்டின் வாயைத் திறந்து பல் பார்க்கிறானே, அதற்குப் பெயரும் பாசம்தானா? பார்த்துவிட்டுச் சும்மாவாவது போகிறார்களா? ஆளுக்கொரு வைத்தியம்.

"வேப்பங்கொழுந்த அரைச்சுப் போடும்மா."

"ஜாதிக்காய பால்ல ஒரசிப் போடு, மூணே நாளு."

"பல்லு வெளக்குற பேஸ்ட்ட வையி, அமுங்கிப் போயிரும்."

என் மனைவி எல்லாவற்றையும் அரைத்தாள், உரசினாள், பூசினாள். பரு அதுபாட்டுக்கு இருந்தது. என் பங்குக்கு நான் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தேன். வெல்லம் கரைவதுபோல் பரு கரையும் என்று எங்களுக்கு நம்பிக்கை. கொடிமரத்தடியில் உப்பும் மிளகும் கொட்டினேன். அதற்காக நான் வெட்கப்படவில்லை. இன்றைக்கும் செய்வேன். வெல்லம் தண்ணீரோடு போயிற்று, யார் முகத்தையும் சுடவில்லை.

சுட்டது அதற்கப்புறம்தான். திருத்துறைப்பூண்டியில் கட்டிக்கொடுத்த என் அக்கா ஒரு நாள் போன் செய்தாள்.

"தம்பி, செல்லுல ஒருத்தி சொல்றாடா. எலுமிச்சச் சாறும் கஸ்தூரி மஞ்சளும் கலந்து போட்டா பரு இருந்த எடமே தெரியாதாம். கடப் பழத்துக்கே அப்புடின்னா, ஆத்தா சூலத்துல இருந்த பழத்துக்கு எப்புடி இருக்கும்? யோசிச்சுப் பாரு."

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது. எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் சூலத்தில் குத்தி வைத்த பழத்தைப் பூசாரி மறு வெள்ளி பிரசாதமாகக் கொடுப்பார். தை வெள்ளியில் இரண்டு பழம் கேட்டு வாங்கி, வேட்டி மடிப்பில் வைத்துக் கொண்டுவந்தேன். அம்மனே என் மடியில் வந்து உட்கார்ந்த மாதிரி அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. சம்பா அறுத்த நெல் ஈரமாக இருந்ததால் வீட்டுக்கு எதிரே தார்ரோட்டில் பரப்பியிருந்தோம். காலையில் மகளை உட்கார வைத்து, சாமி பழம் என்பதால் வேறு யார் கையும் படக்கூடாது என்று, நானே பிழிந்தேன். நானே குழைத்தேன். நானே கன்னத்தில் மேலிருந்து கீழாக நான்கு விரலால் இழுத்தேன்.

"எரியுதுப்பா."

"எரிஞ்சாத்தான் கேக்கும். ஆத்தா பழம், பொறுத்துக்க. கழுவிடாத."

அதே முகத்தோடு அவளை ரோட்டுக்கு அனுப்பினேன். பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை, உச்சி வெயிலில், காலால் நெல்லைக் கிண்டிக்கொண்டு நின்றாள். அன்று சாயங்காலம் முகம் சிவந்தது. இரண்டாம் நாள் கொப்புளம். கொப்புளம் உடைந்து வற்றியதும் கறுப்பு. கன்ன எலும்பிலிருந்து தாடை வரைக்கும் நான்கு கோடு, யாரோ ஓங்கி அறைந்ததுபோல.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மா பார்த்த உடனே கேட்டார்.

"எலுமிச்சையா? பூசிட்டு வெயில்ல போனியா? யார் பூசினது?"

"வீட்லதாங்கம்மா," என்றேன்.

நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். டாக்டரம்மா திட்டிக்கொண்டே எழுதினார். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்துபோகுமாம். கறுப்பு மறைய மாதக்கணக்காகுமாம். பருவுக்கு ஒரு களிம்பு, சாதாரண சோப்பு, வெறும் தண்ணீர். கிள்ளக்கூடாது, தேய்க்கக்கூடாது. அவ்வளவுதான். இந்த நாலு வார்த்தைக்கா இத்தனை அம்மி, இத்தனை ஜாதிக்காய்!

மகள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். பிளஸ் டூ. செய்முறைத் தேர்வுக்குப் பத்து நாள்கூட இல்லை. "பரு இருந்தப்ப போனேன்ல? இதோட போவ மாட்டேன். பாக்குறவங்கல்லாம் யாருடி அறைஞ்சதுன்னு கேக்குறாங்க," என்றாள். என் மனைவி அழுதாள். நான் அக்காவைத் திட்டிக்கொண்டே வயலுக்கும் வீட்டுக்கும் நடந்தேன்.

அந்த வாரமே அக்கா வந்து இறங்கினாள், கையில் சோற்றுக் கற்றாழை மடலோடு. வந்ததும் வராததுமாக மகளின் மோவாயை நோக்கிக் கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்துவிட்டேன்.

"விடுடா. நான் அவளுக்கு அத்தடா."

"அத்தையா இரு. வைத்தியச்சியா இருக்காத."

"நல்லதுக்குத்தானே சொன்னேன்? ஆத்தா பழம் எங்கயாச்சும் சுடுமா? இவ தீட்டோட தொட்டுருப்பா."

வெந்து கிடக்கிற பிள்ளையைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா இது? பெற்ற தாய் மாதிரி என்னை வளர்த்தவள் என்றும் பாராமல், "வெளிய போ" என்று கத்தினேன்.

மகள் சத்தம் போடவில்லை. "நான் பழத்தத் தொடவே இல்லத்த," என்றாள். "பிழிஞ்சதும் அப்பா. பூசினதும் அப்பா. வெயில்ல நிக்க வச்சதும் அப்பா. ஆஸ்பத்திரியில கேட்டப்பதான் அவருக்கு வாய் வரல."

அதுவரை அக்கா மேலும், செல்போன்காரி மேலும், ஊர் மேலும் இருந்த கோபம் மொத்தமும் திரும்பி வந்து என் நெஞ்சில் உட்கார்ந்தது. அக்கா கற்றாழையை அங்கேயே போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் மகளிடம் கேட்டேன், என்ன செஞ்சா பள்ளிக்கூடம் போவே என்று.

"கூட வாங்க. யாரு கேட்டாலும் நீங்க பதில் சொல்லுங்க."

வலங்கைமான் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினோம். அவள் துப்பட்டாவைக் கன்னத்தில் இழுத்துப் பிடித்திருந்தாள். எதிரே கீரைக்கூடைக்கார அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். பஸ் குலுங்கியதில் துப்பட்டா நழுவியது.

"அடியாத்தி! யாரு தாயி இப்புடி அறைஞ்சது? அப்பனா?"

"அப்பன்தாங்க. நான்தான்," என்றேன். "எலுமிச்சம்பழத்தப் பூசி வெயில்ல நிக்க வச்சேன். சாமி பழம், சுடாதுன்னு நெனச்சேன்."

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிக்காமல் நின்றார். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"படிச்ச மனுசன் மாதிரியும் தெரியல, பைத்தியக்காரன் மாதிரியும் தெரியல. சரி விடுங்க, உருளக்கெழங்க அரைச்சு…"

"ஒண்ணும் வேணாங்க!" நான் போட்ட சத்தத்தில் டிரைவரே கண்ணாடியில் பார்த்தார்.

"கத்தாதீங்கப்பா," என்றாள் மகள். துப்பட்டாவை மறுபடி இழுக்கவில்லை.

மூன்று நாள் அப்படியே போனேன். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். நான்காம் நாள், செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள், நான் செருப்பை மாட்டும்போது அவள் தடுத்தாள்.

"நீங்க வர வேணாம். கேட்டா நானே சொல்லிக்கிறேன், எங்கப்பா பண்ண வேலைன்னு."

சொல்லட்டும்.