கழலாத கைப்பிடி

பெரம்பலூர் பட்டறையில் தம்பி வெல்டிங் மெஷினுக்கு வண்டி செய்துகொண்டிருந்தான். “கைப்பிடியக் கழட்டி மாட்டுற மாதிரி வச்சா ஆட்டோவுல ஏத்த வசதியா இருக்கும்க்கா,” என்றான். பைப்பில் பெயிண்ட் கருகும் நாற்றம் அடித்தது.

அப்பாவும் அப்படித்தான் வைத்திருந்தார். அரியலூரில் சிமெண்ட் லாரிகள் நிற்கும் இடத்துக்கெல்லாம் வெல்டிங் வேலைக்கு வண்டியை இழுத்துப் போவார். வீடு திரும்பியதும் கைப்பிடியை உருவுவார். குழம்பில் உப்பு கூடினாலும் அந்தப் பைப்தான் அம்மாவின் முதுகில் இறங்கும். ஒருநாள் அவள் இடது கை ஒடிந்தது. மறுநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில், கட்டுப் போட்ட கையோடு அம்மாவே மெஷினைப் போட்டு, கைப்பிடியை வண்டியோடு சேர்த்து வெல்டு வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அப்பா வெறியோடு இழுத்தார். பைப் வரவில்லை. வண்டி கவிழ்ந்தது. மெஷின் அவர் பாதத்தில் விழுந்து எலும்பை நொறுக்கியது. அவர் அலற அலற அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். தம்பி அப்போது தொட்டிலில் கிடந்தான்.

“கழல வேணாம். வெல்டு வச்சுடு,” என்றேன்.

“ஏங்க்கா?”

“ஒம் பொண்டாட்டி கன்னம் வீங்கிக் கெடக்கறத காலையில பாத்தேன்டா.”