மூன்று மெட்ராஸ் கப்பல்

போன வாரம் இணையத்தில் எதையோ தேடப்போய், போர்ட் பிளேரின் பழைய படங்கள் இருந்த ஒரு பக்கம் கண்ணில் பட்டது. அதில் ஒன்று நான் வேலை பார்த்த வயர்லெஸ் ஆபீஸ். தகரக் கூரை, ஏரியல் கம்பம், கொல்லைப்பக்கத்தில் ஓட்டை போட்ட ஒரு தார் டிரம். வாசலில் நாலு பேர் நிற்கிறார்கள். ஒல்லியாக, சட்டையை மட்டும் மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு நிற்பவன் நான்தானோ என்று ஒரு சந்தேகம். நாளைக்கு நிதானமாகப் பார்க்கலாம் என்று மூடிவிட்டேன். மறுநாள் அந்தப் பக்கமே இல்லை. போட்டவர்களே எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

மகளுக்குப் போன் செய்தேன்.

“அப்பா, நீங்க பார்த்த படத்தையெல்லாம் பிரவுசர் ஒரு காப்பி எடுத்து உங்க கம்ப்யூட்டர்லயே வச்சிருக்கும். கேஷ்னு ஒரு போல்டர். நான் சொல்ற மாதிரி போங்க.”

போனேன். சி டிரைவ், யூசர்ஸ், என் பெயர். அதற்குள் ஆப்டேட்டா என்று ஒன்று இருக்குமாம், என் கண்ணுக்குத் தெரியவில்லை. மறைத்து வைத்ததையும் காட்டு என்று ஓர் இடத்தில் டிக் அடித்த பிறகுதான் அது வெளியே வந்தது. அதற்குள் லோக்கல், அதற்குள் பிரவுசரின் பெயர், இன்னும் இரண்டு மூன்று படி இறங்கினால் கேஷ். பிறந்த வீட்டுக்கு வழி கேட்டுப் போகிறவனைப் போலத் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்தேன். தலையும் வாலும் இல்லாத பெயர்களோடு ஏழெட்டுக் கோப்புகள் கிடந்தன. எல்லாம் அன்று காலைக்குப் பிறகு வந்தவை.

“க்ளியர் பண்ணீங்களாப்பா?”

“மெதுவா ஓடுச்சேன்னு காலையில…”

போனை வைத்துவிட்டேன். சுத்தம் சோறு போடும் என்பார்கள். எனக்குப் போட்டதோ இல்லையோ, ஒருத்தியின் வாயிலிருந்து பிடுங்கியிருக்கிறது. அந்த டிரம்மைப் பார்த்ததுமே அவள் ஞாபகம்தான் வந்தது. அதைச் சொல்லத்தான் உங்களை உட்கார வைத்திருக்கிறேன்.

இருபத்திரண்டு வயதில் அந்தமானுக்குப் போனேன். மோர்ஸ் தெரியும் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. தீவுகளிலிருந்து வரும் தந்திகளைக் காதில் வாங்கிப் பென்சிலால் எழுத வேண்டும். அடியில் கார்பன். மேல் தாள் பியூன் கையில் போகும், கார்பன் காப்பி மரப்பெட்டிக்குப் போகும். மழைக்காலத்தில் அந்தப் பெட்டியைத் திறந்தால் கார்பனும் பூஞ்சணமும் சேர்ந்த ஒரு வாடை அடிக்கும். இப்போதும் பழைய புத்தகக் கடைப் பக்கம் போனால் அந்த வாடை எங்கிருந்தோ வந்து என்னை நிறுத்திவிடும்.

அங்கே யாருக்கும் காலண்டர் தேவைப்படவில்லை. எல்லாம் கப்பல் கணக்கு. “போன ஜஹாஸுக்கு வந்தேன்”, “அடுத்த ஜஹாஸ்ல அரிசி வந்துரும்” என்றுதான் தமிழன், வங்காளி, தெலுங்கன் எல்லாரும் பேசுவார்கள். தந்திக் காப்பிக்கும் அதே கணக்கு. எங்கள் ஹெட் பாபு, வங்காளி, வெற்றிலை வாயோடு முதல் நாளே சொல்லிவிட்டார்: “தீன் மெட்ராஸ் ஜஹாஸ். உஸ்கே பாத் ஜலாவோ.” மூன்று மெட்ராஸ் கப்பல் போன பிறகு எரி. கல்கத்தாக் கப்பல் கணக்கில் சேராது. புகார் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மெட்ராஸ் பக்கம்தான் என்பது அவர் கண்ட அனுபவம்.

எனக்கோ நிரம்பி வழிகிற பெட்டியைப் பார்த்தாலே கை அரிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதியது. மூன்றாவது என்று விரலை மடக்கினேன். எந்தக் கப்பல் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியைக் கொல்லைக்குத் தூக்கிப்போய் டிரம்மில் கொட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். பெட்டியைத் துடைத்து, வெயிலில் காயவைத்து, அடியில் புதுத் தாள் விரித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. சாயந்தரம் கடைத்தெருவில் கல்கத்தாச் சாமான் இறங்குவதைப் பார்த்தபோதுதான், காலையில் ஊதியது கல்கத்தாக் கப்பல் என்று தெரிந்தது. அப்போதும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை, யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் பாக்கியம் வந்தாள். இருபது வயது இருக்கும். கையில் துணி சுற்றிய பெண் குழந்தை, பிறந்து நாற்பது நாள். புருஷன் கார் நிக்கோபாரில் கொத்து வேலை. இவள் பிரசவத்துக்கு நடு அந்தமானில், ரங்கத்தில் இருந்த அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். பிள்ளை பிறந்த சேதி போனதும் அவர் இங்கே போர்ட் பிளேரில், மின்னி பேயில் பூட்டிக் கிடந்த இவர்கள் வீட்டுக்குத் தந்தி கொடுத்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த விலாசம் அது ஒன்றுதான். அடுத்த வாரமே, கப்பலுக்குப் போகிற தோணி அலையில் கவிழ்ந்து அவர் போய்விட்டார். அந்தச் சேதி மட்டும் ரங்கத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தது.

“வீட்டைத் தொறந்தா கதவடியில தந்தி கெடக்கு சார். எடுத்தா மேல்பாதிதான் இருக்கு. மிச்சத்தைக் கரையான் தின்னுருச்சு.” அந்தத் துண்டைக் காட்டினாள். விலாசம் மட்டும் இருந்தது.

“பிள்ளைக்கு நான்தான் பேரு வைப்பேன், தந்தியில சொல்றேன்னு சொல்லிட்டுப் போனாரு. அதுல பேரு இருக்கும் சார். இங்க காப்பி இருக்கும்ல? மூணு மெட்ராஸ் ஜஹாஸ் வரைக்கும் வச்சிருப்பீங்கன்னு பியூன் சொன்னாரு. ரெண்டு மெட்ராஸ் ஜஹாஸ்தானே போயிருக்கு, இன்னும் மூணு ஆகலியே.”

அவள் கணக்கு சரியாக இருந்தது.

நான் பெட்டியைத் திறந்து பார்ப்பதுபோல் பார்த்தேன். பிறகு, இதைச் சொல்ல இத்தனை வருஷம் கழித்தும் நாக்கு கூசுகிறது, “இங்கயும் கரையான் பிடிச்சிருச்சும்மா” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். “கரையானுக்கு என்ன தெரியும் சார், நீங்க வருத்தப்படாதீங்க” என்றாள். குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு கேட்டாள்: “உங்க காதுலதானே வந்துச்சு? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்களேன்.”

அந்த ஷிப்ட் என்னுடையதுதான். அந்தப் பெயர் எழுத்தெழுத்தாக என் காதில் விழுந்து, என் கையால் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் மோர்ஸ் வாங்குகிறவனுக்குக் காது கேட்கும், கை எழுதும், நடுவில் மனசுக்கு வேலையே கிடையாது. அப்படி எழுதினால்தான் பிழை வராது என்று பெருமையடித்துக்கொண்டவன் நான். அன்று உட்கார்ந்து உட்கார்ந்து யோசித்தேன். அரிசி விலை வந்தது, யாருடைய மாற்றல் உத்தரவோ வந்தது, அந்தப் பெயர் வரவில்லை. கார் நிக்கோபார் ஆபரேட்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அங்கே ஒரு கப்பலுக்கு மேல் எதையும் வைப்பதில்லை என்றான்.

மூன்று நாள் வந்தாள். வரும்போதெல்லாம் வாசலிலிருந்தே என் முகத்தைப் பார்ப்பாள். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. லட்சுமி என்றால் நம்பியிருப்பாள். அந்த ஒரு பொய்யை மட்டும் சொல்லவில்லை. அது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த மெட்ராஸ் கப்பலில் ஊருக்குப் போனாள். போகிற அன்று காலையில் ஒரு சீட்டில் ஊர் விலாசம் எழுதிவாங்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். “ஞாபகம் வந்தா ஒரு வரி போடுங்க சார். அதுவரைக்கும் பாப்பான்னே கூப்பிட்டுக்கிறேன்.” அந்தக் கப்பல் சங்கு ஊதியபோது நான் பெட்டி முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். அதுதான் மூன்றாவது. அதற்குப் பிறகு எரித்திருந்தால் யாரும் என்னை எதுவும் கேட்டிருக்க முடியாது.

அந்த ஆபீஸ் இப்போது இல்லை. தந்தியே இல்லை. கப்பலை எண்ணி நாளைச் சொல்கிறவர்களும் குறைந்துவிட்டார்கள், இரண்டு மணி நேரத்தில் விமானம் மெட்ராஸில் இறக்கிவிடுகிறது. விலாசச் சீட்டை வெகுநாள் பர்சில் வைத்திருந்தேன். எழுத ஒன்றும் இல்லாமலே மடிப்பில் கிழிந்துபோயிற்று.

கேஷ் போல்டரை மூடவில்லை, திறந்தேதான் வைத்திருக்கிறேன். அந்தக் குழந்தைக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். ஏதோ ஒரு பெயர் சொல்லித்தான் வீட்டில் கூப்பிடுவார்கள். அவளுடைய அப்பா வைத்த பெயரைக் கேட்டவன் உலகத்தில் நான் ஒருவன்தான் மிச்சம், எனக்கும் அது தெரியாது.