முக்காலியைச் சுற்றி வந்தவர்

துறைமுகத்தை ஒட்டிய எங்கள் ஆபீசில், கூரையில் தொங்கும் துணி விசிறியான பங்காவை இழுத்தவருக்குக் கண் தெரியாது. பார்த்தால் பழுதில்லாத கண்கள்தாம். தொங்கான் என்கிற சரக்குப் படகில் மூட்டை இறக்கும்போது இரும்புக் கொக்கி பிடரியில் அடித்ததிலிருந்து எல்லாம் ஒரே இருட்டு என்பார். பங்காக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு அவர் தூங்கிப்போவதும் உண்டு. கால் மட்டும் நிற்காமல் இழுத்துக்கொண்டிருக்கும்.

எங்கள் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணிக்கு அவர்மேல் சந்தேகம். ஒருநாள் காலை, அவர் வரும் வழியின் நடுவில் ஒரு முக்காலியைப் போட்டுவிட்டு எங்களைப் பேசாமலிருக்கச் சொன்னார். பங்காக்காரர் வந்தார். முக்காலியை நெருங்கியதும் உடம்பை ஒருக்களித்து, அதைச் சுற்றிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"கண்ணு தெரியாதுன்னு இத்தன நாளா ஏமாத்துனியா? நாளையிலேருந்து வராதே!"

"நான் என்னாங்கய்யா பண்ணேன்?"

"முக்காலியச் சுத்திக்கிட்டு வந்தியே!"

"நேராத்தானே வந்தேன்?" அவர் என் குரல் வழக்கமாக வரும் மேசைப் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க சொல்லுங்க. சுத்தியா வந்தேன்?"

"ஆமாண்ணே."

அவர் முகம் வெளுத்துவிட்டது. வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அப்போ எனக்குள்ள யாரோ பாக்குறான், தம்பி. பாத்துட்டு எங்கிட்ட சொல்ல மாட்டேங்கிறான்."

அப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. நேற்று சூலியா தெருவில் ஏதோ யோசனையாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு ரிக்‌ஷா என்னை உரசாத குறையாக ஓடிப்போனது. அது வந்ததே எனக்குத் தெரியாது. ஆனால் நான் அதற்கு முன்பே ஒதுங்கி நின்றிருந்தேன்.